ஒரு சாண் காற்று

"எதை மூடப் போறிய?"

ஆரியசாலையில் அழகியநம்பி அண்ணாச்சியின் மொத்தக் கடைக்குப் படுதா வாங்க வருகிற எவரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. அளவையும் நிறத்தையும் லிங்கம் அதற்குப் பிறகுதான் கேட்பார். விறகு என்றால் ஒரு ரகம், சிமென்ட் மூட்டை என்றால் இன்னொரு ரகம். கல்யாணப் பந்தல் என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேல்தட்டுக்கு ஏணி போடுவார். "என்னத்துக்காவது ஆகும், சும்மா ஒண்ணு குடும்" என்று கேட்ட ஒருவரை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடி தலையில் அடித்துக்கொண்டார்.

வாங்கியவர்களுக்கு உபதேசம் இலவசம். வலது கையை விரித்து, கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காட்டுவார். "அடியில இவ்வளவு விட்டுக் கட்டணும். காத்து போயி வரணும். ஈரம் வெளியில இருந்து மட்டுமில்ல, உள்ள இருந்தும் வரும், கேட்டியளா." எப்போதோ நைலான் கயிற்றை இழுத்துப் பிடித்ததில் அவருடைய சுண்டு விரல் உள்பக்கமாக வளைந்துவிட்டது. ஆகையால் லிங்கத்தின் சாண் ஊரார் சாணைவிட அரை விரற்கடை குறைவு. அதைப் பற்றி இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கரமனை அக்ரகாரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் மனைவி மாடம்மாளோடு ஒன்பது வருஷமாகக் குடியிருக்கிறார். அதாவது, இதை எழுதுகிறவன் அவருடைய வீட்டுக்காரன். வீட்டுக்காரன் பேச்சை எவ்வளவு நம்பலாமோ அவ்வளவு நம்புங்கள். என்னுடைய லட்சணமும் நடுவில் வெளியே வரும்.

பின்கட்டுக்குள் போனால் எந்தச் சாமானும் அம்மணமாக இருக்காது. டிவிக்குச் சட்டை, மிக்சிக்குத் தொப்பி, காஸ் சிலிண்டருக்குப் பாவாடை. சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோவுக்குக்கூடக் கண்ணாடித்தாள் உறை உண்டு. எல்லாம் கடையில் மிஞ்சிய துண்டுகளில் அவரே வெட்டித் தைத்தவை. மாடம்மாள் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்கிறார். அறுபது பேருக்குக் குரல் கொடுத்துப் பழகியவர். "எல்லாத்தையும் மூடிட்டாரு சாரே. என் வாயத்தான் மூட முடியல," என்பார்.

இவ்வளவு மூடுகிற மனிதர் தனக்கென்று ஒரு குடை வைத்துக்கொண்டதில்லை. எந்த மழையிலும் ஆரியசாலையிலிருந்து கரமனைக்கு நனைந்துகொண்டே நடந்து வருவார். கேட்டால், "மனுசன் தொடச்சாக் காஞ்சிருவான். மரம் அப்படியில்ல," என்பார். மரம் என்று அவர் சொல்வது எதை என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்குக் குளித்து, இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு, "நாட்டுக்குப் போயிட்டு வாறேன்," என்று மாடம்மாளிடம் சொல்வார். சொல்லிவிட்டு எங்கும் போக மாட்டார். மூலையில் உள்ள கம்ப்யூட்டரின் உறையைக் கழற்றி, நாலாக மடித்து வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்காருவார். நாடு என்பது இணையத்தில் ஆடுகிற ஒரு மாயாஜால விளையாட்டு. மலையும் கோட்டையும் சிறகு முளைத்த ஓநாய்களுமாக அதில் ஓர் உலகமே கிடக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் ஒரே சமயத்தில் அதற்குள் வாள் வீசிக்கொண்டு திரிகிறார்கள். லிங்கம் அங்கே இதுவரை வாளைத் தொட்டதில்லை. பாட்டுக் கோஷ்டி ஒன்றின் வாத்தியங்களை வெயிலும் மழையும் படாமல் காப்பாற்றுவதுதான் அவர் உத்தியோகம். எட்டுப் பேர் கொண்ட கோஷ்டி. அதில் அவர் பெயர் படுதா.

இந்த உத்தியோகம் அவருக்குக் கிடைத்த விதம் இது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கடையின் மேல்தட்டிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு பிரித்த பிறகு கிள்ளிப்பாலத்தில் பிசியோதெரபி. அங்கே வேலை பார்க்கும் ராஜஸ்ரீ என்ற பெண், தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாதத்தை ஆட்ட வேண்டும் என்று சொன்னாள். "ஒரு மணிக்கூறு சும்மா எப்படிப் பிள்ளை இருக்கது?" என்று கேட்டிருக்கிறார். தான் விளையாடும் விளையாட்டை அவள் சொல்லிக் கொடுத்து, தன் பாட்டுக் கோஷ்டியிலும் சேர்த்துவிட்டாள். அண்ணாச்சி கடையில் பில் போட்டு ஓய்ந்த கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்தார். கால் மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் பொல்லாதவர்கள். அங்கே ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பக்கத்தில் நீலமாக ஒரு கோடு உண்டு; அதுதான் ஈரக்கோடு. மழையில் நனைந்தால் கோடு ஏறும். அறுபதைத் தாண்டினால் சுருதி இறங்கும். நூறைத் தொட்டால் வாத்தியம் பிளந்துவிடும். பிளந்தது திரும்ப வராது. நல்ல வாத்தியம் ஒன்றைச் சம்பாதிக்க மலை மலையாக ஏறி ஒரு வருஷம் பாடுபட வேண்டும் என்பதால், ஒரு தூறலுக்கே கோஷ்டிகள் அலறி ஓடும்.

லிங்கம் அலறவில்லை, கவனித்தார். பழைய தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அந்த நாட்டின் மழையை எழுதி வைத்தார். எந்தக் கணவாயில், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தத் திசைச் சாரல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நாலு மாதம் பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தார். அங்கே புல்வெளியில் அழகுக்காக விடப்பட்டிருக்கும் ஆடுகள், மழைக்குச் சரியாக இரண்டு நிமிஷம் முன்னால் சுவரோரம் ஒதுங்குகின்றன. வாளும் கேடயமுமாக அலைகிற யாரும் ஆட்டைப் பார்க்கவில்லை. "நம்ம ஊர்ல ஆடு ஒதுங்கினா எளந்தாரிப் பயலுக்கும் தெரியும். இவனுவ எல்லாம் இஞ்சினீயரு," என்றார் என்னிடம். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது, இருக்கட்டும்.

அப்படிப்பட்டவர்தான் போன ஆடி மாதம் ஒரு தப்புச் செய்தார்.

ராஜஸ்ரீயிடம் இருபத்தொரு நரம்பு யாழ் ஒன்று இருந்தது. பதினாலு மாதம் உழைத்து வாங்கியது. கணவாயில் பெருமழை பிடித்துக்கொண்டது. யாழ் தெப்பமாக நனைந்துவிட்டது. மூடுவதற்கு அந்த விளையாட்டில் இரண்டு வழி. ஒன்று, முழுக்க இறுக்கிக் கட்டிவிடுவது. மற்றொன்று, மேலே கூரையாகப் பிடிப்பது. அதற்கு ஓர் ஆள் கம்பைத் தூக்கிக்கொண்டு மழையில் நிற்க வேண்டும். லிங்கம் பதற்றத்தில் முழுக்கக் கட்டிவிட்டார். ஒரு பொட்டுத் தண்ணீர் இறங்காதபடி கட்டினார். மறுநாள் திறந்தபோது யாழ் உள்ளுக்குள்ளேயே வியர்த்து, பூஞ்சை பிடித்து, இரண்டாகப் பிளந்து கிடந்தது. இருபத்தாறு வருஷமாக ஆயிரம் பேருக்குக் கையை விரித்துச் சொன்ன பாடம், தன் கைக்கு வந்தபோது மறந்துபோய்விட்டது.

ராஜஸ்ரீ ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "சாரமில்லை அண்ணா, போட்டே," என்றாள்; பரவாயில்லை, போகட்டும் என்று. அதுதான் அவரைக் கொன்றது. மூன்று நாள் கடையில் அவர் யாருக்கும் சாண் காட்டவில்லை என்று அண்ணாச்சியே என்னிடம் சொன்னார். நாலாம் நாள் புதிய காலண்டர் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜஸ்ரீ மறுபடி மலையேறத் தொடங்கினாள். பத்து மாதத்தில் இரண்டாவது யாழ் வந்தது. அந்தப் பத்து மாதமும் இவர் அவளுக்குப் பின்னால் கோஷ்டியின் வாத்திய வண்டியைத் தள்ளினார்.

இந்த வருஷம் ஜூன் மாதம் மழைக்கோட்டை என்கிற இடத்தில் போட்டி. திறந்த மேடை, ஆறு நிமிஷப் பாட்டு, வாசிக்கும்போது மேலே எதையும் மூடக் கூடாது. கோஷ்டித் தலைவன் பிரஜின், கொல்லத்துப் பையன். அவன் ஒரு நாள் ஸ்பீக்கர் வழியே பேச்சோடு பேச்சாக, "சேட்டா, ஒண்ணும் தோணருது," என்று ஆரம்பித்தான். தப்பாக நினைக்கக் கூடாது என்று ஒருவன் ஆரம்பித்தாலே விஷயம் என்னவென்று தெரிந்துவிடும். நல்ல செண்டைக்காரன் ஒருவன் கிடைத்திருக்கிறான், எட்டு இடந்தான், மூடுகிற வேலையை யாராவது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

"சரி பிரஜின். ஒங்க இஷ்டம்," என்றார் லிங்கம். கம்ப்யூட்டரை அணைத்து உறையைப் போட்டார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று மாடம்மாள் சொன்னார். "எளவு விளையாட்டுக்காவ மனுசன் பட்டினி கெடக்காரு சாரே."

மறுநாள் ராஜஸ்ரீ எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டாள். "படுதா அண்ணன் வராட்டி யாழை நான் பெட்டியை விட்டு எடுக்க மாட்டேன். செண்டையை மட்டும் வச்சு நீங்க போய்க்கோங்க." யாழ் இல்லாமல் அந்தக் கோஷ்டிக்கு மதிப்பில்லை. பிரஜின் அடங்கினான். ஆனால் லிங்கம் தானாகவே ஒரு வார்த்தை கொடுத்தார். "இதுவும் போச்சுன்னா நான் அப்புறம் நாட்டுக்குள்ள காலு வைக்க மாட்டேன். வண்டிய ஒங்ககிட்ட தந்துட்டு எறங்கிருவேன். இது சத்தியம்." ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் விளையாட்டுக்குச் சத்தியம் செய்வாரா என்று நீங்கள் கேட்கலாம். அவர் முகத்தைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள்.

இங்கே என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். போன கார்த்திகையில் லிங்கம் முன்கட்டுக்கு வந்து நின்றார். "மேல நாலு ஓடு வெலகியிருக்கு சாரே. நம்ம கடைத் துண்டு ஒண்ணு போட்டுக்கிடட்டா? நீங்க ஒண்ணும் தர வேண்டாம்." அக்ரகாரத் தெருவில், கோவிலுக்கு நேர் பார்வையில், ஓட்டின் மேல் நீலப் படுதாவா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்? "வேண்டாம் லிங்கம். தெரு பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஓட்டுக்காரனை வரச் சொல்லியிருக்கேன்," என்றேன். ஓட்டுக்காரன் வரவில்லை. நான் சொன்னால் அல்லவா வருவான். லிங்கம் "சரி சாரே" என்று போனவர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் கூரை கொடுக்கிறவர் என் கௌரவத்துக்காக ஏழு மாதம் ஒழுகலில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தார்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. காலையிலேயே பழவங்காடிப் பிள்ளையாருக்கு இரண்டு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். யார் பேரில் என்று அங்கே ஒருவர் கேட்டாராம். ஒன்று யாழுக்கு, ஒன்று ராஜஸ்ரீக்கு என்று இவர் சொல்ல, நட்சத்திரம் கேட்காமல் விட்டாரே என்று மாடம்மாள் சிரித்தார். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். லிங்கம் சலவை வேட்டி கட்டியிருந்தார். திரையில் அவருடைய ஆள், குட்டையாக, வழுக்கையாக, வண்டிக்குப் பக்கத்தில் நின்றான். அத்தனை அழகான முகங்கள் இருக்க அந்த முகத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது.

மேடையில் ஏழு பேர். ராஜஸ்ரீயின் யாழ் நடுவில். ஈரக்கோடு நாற்பது. பாட்டு தொடங்கியது. பழைய ஸ்பீக்கரில் கரகரத்துக்கொண்டு வந்தாலும் நன்றாகவே இருந்தது. லிங்கம் மேடையைப் பார்க்கவில்லை. புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆடு ஒதுங்குது," என்றார்.

ஸ்பீக்கரில் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிஷந்தான் ஆகியிருந்தது. மழைக்கு இரண்டு நிமிஷம் இருக்கிறது. அதன் பிறகு மூன்று நிமிஷம் மழையில் வாசித்தாக வேண்டும். "சேட்டா, நிறுத்தணோ?" என்று பிரஜின் கேட்டான். நிறுத்தினால் போட்டி போச்சு. நிறுத்தாவிட்டால் யாழ் போகலாம். கோட்டை மழைக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு ஏறும் என்று லிங்கத்தின் தாள்களில் இருந்தது. அவர் தாளைப் பார்க்கவில்லை.

"ராஜஸ்ரீ பிள்ளை, நீ வாசி. நான் இருக்கேன்."

அங்கே மழை இறங்கியபோது இங்கேயும் இறங்கியது. கரமனை ஆற்றுப் பக்கமிருந்து இரைச்சலாக வந்து ஓட்டில் விழுந்தது. அறுபது, எழுபது என்று கோடு ஏறி, யாழின் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கையில், விலகிய ஓட்டிலிருந்து முதல் சொட்டு லிங்கத்தின் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை. அடுத்த சொட்டு கம்ப்யூட்டர் பெட்டியின் மேல். எழுந்து எதையாவது தேடினேன். உறை மேஜைக்குப் பின்னால் விழுந்திருந்தது. அதற்குள் மாடம்மாள் எங்கிருந்தோ தன் குடையை எடுத்துவந்து விரித்து என் கையில் திணித்தார்.

"புடிங்க சாரே. ஒங்க ஓடுதானே."

பிடித்தேன். வெட்கத்தில் குடையைப் பெட்டியோடு ஒட்டி அழுத்திக்கொண்டு நின்றேன்.

பாட்டு முடிந்தபோது கோடு தொண்ணூற்றாறு. கைதட்டல் சத்தத்துக்கு நடுவே பிரஜின் கத்தினான். "சேட்டா, கெட்டிக்கோ, முழுக்கக் கெட்டிக்கோ!" மற்றவர்களும் அதையே சொன்னார்கள். திரையில் இரண்டு வழிகளும் எழுந்து நின்றன. போன வருஷம் நின்ற அதே இரண்டு. ராஜஸ்ரீயின் சத்தமே இல்லை. தொண்ணூற்றேழு.

"மூடப்பிடாது," என்றார் லிங்கம். "நனைஞ்சத மூடுனா உள்ளுக்குள்ள வேர்க்கும். எல்லாரும் தள்ளி நில்லுங்க."

இடது கை விரலால் ஒரு விசையை அழுத்தினார். திரையில் வழுக்கைத்தலை ஆள் கம்பைத் தூக்கிப் படுதாவைத் தலைக்கு மேலே கூரையாக உயர்த்தினான். விசையை விட்டால் கூரை விழுந்துவிடும் என்று ராஜஸ்ரீ பிறகு சொன்னாள். அந்தச் சின்ன ஆள் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு நின்றான். இந்தப் பக்கம் லிங்கமும் தோளிலும் முதுகிலும் நனைந்துகொண்டுதான் இருந்தார். தொண்ணூற்றெட்டு. நான் உட்பட அந்த அறையில் மூன்று பேர், எங்கெங்கோ ஏழு பேர், ஒரு நீலக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு. கீழே காற்று போய்வரும்படி விட்ட இடத்தில் புல் அசைந்தது. தொண்ணூற்றேழு.

"அண்ணா," என்றாள் ராஜஸ்ரீ.

தொண்ணூற்றைந்து வந்ததும் பிரஜின் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "படுதா சேட்டா, இனி எந்தா செய்யேண்டே? நான் என்ன செய்யணும்?" அவன் அவரிடம் கேட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்வது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் செய்யாண்டாம். காயட்டும்," என்றார் லிங்கம்.

இடது விரல் விசையிலேயே இருந்தது. கண் திரையிலேயே இருந்தது. சும்மா இருந்த வலது கை மட்டும் மெல்ல எழுந்து, பெட்டியோடு ஒட்டி நான் அழுத்திப் பிடித்திருந்த குடையைத் தேடிக் கண்டுபிடித்தது. அதை என் கையோடு சேர்த்து மேலே தள்ளியது. பிறகு குடையின் விளிம்புக்கும் பெட்டிக்கும் நடுவே விரிந்து, கட்டை விரலிலிருந்து அந்த வளைந்த சுண்டு விரல் வரைக்கும் ஒரு சாண் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு, இறங்கியது.